ஓய்ந்துபோன கிராம சுகாதார செவிலியருக்கு: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

முதலில் இடமாறுதல் மனு. அது கிடைக்காவிட்டால் ஒரு நாள், இரண்டு நாள் என்று தற்செயல் விடுப்பு. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று ஒரு பாட்டில் டிரிப்ஸ். வீட்டில் இருப்பவர்கள் பயந்துபோன பிறகுதான் மருத்துவர். துணை சுகாதார நிலையத்தில் 16 ஆண்டும் பல நிலையங்களை மேற்பார்வை பார்க்கும் பகுதி சுகாதார செவிலியராக 6 ஆண்டும் வேலை பார்த்துவிட்டேன். மனசு ஓய்ந்துபோன எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறார்கள். நானும் ஒருமுறை இப்படித்தான் போய் எட்டு மாதத்தை வீணாக்கினேன்.

இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பாதி சிரமம் குறைகிறது. கீழே இருப்பது வி.எச்.என். என்கிற கிராம சுகாதார செவிலியர்களை மனதில் வைத்து எழுதியது. சுகாதார ஆய்வாளர், ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீசியன், மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கும் பெண் தன்னார்வலர் என எல்லோருக்கும் முக்கால்வாசி பொருந்தும். விடுப்பு விதிகள் மட்டும் மாறும்.

1. உயிர் பற்றிய கேள்வி முதலில்

"தூங்கி எழாமலே போய்விட்டால் தேவலை" என்று கடந்த இரண்டு வாரத்தில் தோன்றியதா? எப்படி என்றுகூட யோசித்தீர்களா? பதில் ஆம் என்றால் மீதிப் படிகளை அப்படியே விடுங்கள். 14416க்கு இப்போதே பேசுங்கள். அது டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நம் மாநில சுகாதார உதவி எண் 104லும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். திட்டம் போடும் அளவுக்கு எண்ணம் வந்துவிட்டால் போனோடு நிறுத்தாமல், ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இதை முதலில் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. மற்றவர்களைப் போல் அல்ல நாம்; நம் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் மருந்து இருக்கிறது. மருந்து அலமாரிச் சாவியைச் சில நாட்களுக்கு வேறொருவரிடம் கொடுங்கள். எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் மருந்து கையில் கிடைக்காமல் இருப்பதே பெரிய பாதுகாப்பு.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டத்தின் 115வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. நீங்கள் முயற்சிக்கும் முன்பே உதவி கேட்பவர், பயப்பட ஒன்றுமில்லை.

தோழியின் மேல் சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. சுற்றிவளைத்துக் கேட்டால்தான் "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்று மழுப்பிவிடுவார்கள்.

2. கையில் வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு. பணிப்பதிவேட்டின்படி உங்கள் விடுப்புக் கணக்கு. அப்புறம் ஒரு ஆள்.

ஆள்தான் முக்கியம். அவர் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்ப்பவராக இருக்கக் கூடாது. உடன் வேலை செய்பவருக்கு உங்கள் விடுப்பு என்றால் கூடுதல் பொறுப்பு. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் "இந்த மாசம் முடியட்டும், ரிப்போர்ட் அனுப்பிட்டுப் போயேன்" என்று அவர் வாயில் வந்துவிடும். பயிற்சிக் காலத் தோழி, அக்கா, வேறு வட்டாரத்தில் இருக்கும் செவிலியர் இப்படி யாராவது.

விடுப்புக் கணக்கை எதற்கு இப்போதே பார்ப்பது? மருத்துவர் "மூன்று வாரம் ஓய்வு" என்று சொல்லும்போது "எனக்கு லீவே இல்லையே" என்று நீங்களாகவே முடிவுகட்டிவிடாமல் இருக்கத்தான். நிரந்தரப் பணியாளருக்குத் தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள் மட்டும் அல்ல. ஈட்டிய விடுப்பு உண்டு, மருத்துவச் சான்றின் பேரில் எடுக்கும் ஈட்டா விடுப்பும் தனியாக உண்டு. இருபது ஆண்டு வேலை பார்த்தும் இது தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஒப்பந்த ஆணையை எடுத்து விடுப்புப் பகுதியைப் படித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

3. வேலைச் சோர்வா, மனச்சோர்வு நோயா?

இரண்டும் வேறு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11வது பதிப்பில் வேலைச் சோர்வை நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிகழ்வு என்றே வைத்திருக்கிறது. அதற்கு மூன்று முகம்: சக்தி முழுதும் வடிந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகி எரிச்சலும் வெறுப்பும் வருவது, நான் செய்வது எதுவும் உருப்படவில்லை என்ற உணர்வு. ஏ.என். மதர் (கர்ப்பிணி) வீட்டுப் படியேறும்போதே "இவ என்ன சொல்லப்போறாளோ" என்று கசப்பு வந்தால் அது இரண்டாவது முகம்.

மனச்சோர்வு நோய் வேலையோடு நிற்காது. பிடித்த சாப்பாடு ருசிக்காது, பிள்ளை மார்க் வாங்கி வந்தாலும் மனசு அசையாது, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து அப்புறம் தூக்கம் வராது. விடுமுறையில் ஊருக்குப் போய் நாலு நாள் இருந்தும் துளி மாற்றம் இல்லை என்றால் வெறும் வேலைச் சோர்வு என்று விட்டுவிடாதீர்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சறுக்குவதும் உண்டு என்பதால் இந்தக் கோடு அவ்வளவு சுத்தமானதும் அல்ல.

அதனால்தான் மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவம். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி. மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவு பற்றிய எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதல் படிக்குத் திரும்புங்கள்.

நம் ஆட்கள் இந்தப் படிவத்தில் செய்யும் பிழை ஒன்றே ஒன்று. "தூக்கம் கெட்டதா?" என்றால் "கெட்டதுதான், ஆனா அது ராத்திரி போன் வர்றதால" என்று சொல்லி 0 போடுவார்கள். "சோர்வு?" "அது அலைச்சலால." 0. படிவம் காரணத்தைக் கேட்கவில்லை. இருந்ததா, எத்தனை நாள் இருந்தது என்றுதான் கேட்கிறது. என் முதல் மதிப்பெண் 6. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து திரும்பப் போடவைத்தபோது 14.

4. உடம்பைப் பாருங்கள்

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம். முடிந்தால் பி12. நாற்பதைத் தாண்டியவர் என்றால் மாதவிலக்கு மாறியிருக்கிறதா என்பதும். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை வந்தாலும் மனச்சோர்வு போலவே இருக்கும். ஊரில் எல்லாக் கர்ப்பிணிக்கும் ஹெச்.பி. பார்த்து எழுதுகிற நமக்கு நம் எண் தெரியாது. நான் பார்த்தபோது 8.9, ரத்தசோகைதான்.

மனநல மருத்துவருக்கு முன்பு இதைச் செய்யச் சொல்வது, அவர் எப்படியும் கேட்கப்போகிறார் என்பதால்தான். முடிவோடு போனால் ஒரு முறை அலைச்சல் மிச்சம். ஆனால் பி.எச்.க்யூ மதிப்பெண் 15ஐத் தாண்டியிருந்தால் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேராகப் போங்கள்.

இந்த இடத்தில் இரண்டு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஒன்று டிரிப்ஸ். சோர்ந்துபோனால் ஒரு பாட்டில் ஏற்றி, அதில் ஒரு வைட்டமின் ஊசியையும் சேர்த்துப் போட்டுக்கொள்வது. ஒரு மணி நேரம் படுத்திருந்ததால் வரும் தெம்புதான் அது. இன்னொன்று ஆபத்தானது: தூக்கத்துக்கு அல்பிரசோலம். தெரிந்த மருந்தாளுநர், கேட்டால் கிடைக்கும், முதல் வாரம் அற்புதமாகத் தூக்கம் வரும். ஒரு மாதத்தில் அது இல்லாமல் தூங்க முடியாது. ஏற்கெனவே பழகியிருந்தால் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னால் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

5. மருத்துவரிடம் போவது

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வருவார். நாளைக் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற தயக்கம் இருந்தால் பக்கத்து மாவட்டத்துக்குப் போங்கள், அதில் தப்பில்லை. தயக்கத்தால் போகாமல் இருப்பதுதான் தப்பு. உங்கள் நோயும் சிகிச்சையும் ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது அதே 2017 சட்டத்தின் 23வது பிரிவு தரும் உரிமை.

போகும்போது மூன்று விஷயத்தை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எப்படி, இப்போது சாப்பிடும் மாத்திரைகள். நாம் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் நோயாளியாகப் பேசத் தெரியாமல் கேஸ் சொல்வது போலப் பேசிவிடுகிறோம். "ஒரு மாதிரி ஆங்சைட்டி சார், மைல்டாத்தான்" என்று நாமே நோயைக் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது. "ரெண்டு மாசமா மூணு மணிக்கு முழிப்பு வருது, குளிக்கறதுக்கே ரெண்டு மணி நேரம் யோசிக்கிறேன்" என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

மாத்திரை எழுதினால் தெரிந்திருக்க வேண்டியவை: மனச்சோர்வு மாத்திரை பாராசிட்டமால் அல்ல. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, படபடப்பு வரலாம்; பெரும்பாலும் அடங்கிவிடும். இது அல்பிரசோலம் போல அடிமையாக்குவது அல்ல, ஆனாலும் திடீரென்று நிறுத்தக் கூடாது. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள், இல்லாவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். "பத்து நாள் சாப்பிட்டேன், ஒண்ணும் ஆகலை, விட்டுட்டேன்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். இரும்புச் சத்து மாத்திரையை இதே காரணம் சொல்லி வீசும் தாய்மார்களை நாம் எப்படித் திட்டுவோம்!

விடுப்புச் சான்றில் என்ன எழுதப்போகிறார் என்று வெளியே வரும் முன்பே கேட்டுவிடுங்கள். அலுவலகத்தில் யார் கையிலெல்லாம் அந்தத் தாள் போகும் என்பதைச் சொல்லுங்கள்.

6. விடுப்பும் ஒப்படைப்பும்

ஒரு நாள் விட்டு ஒரு நாள் தற்செயல் விடுப்பு எடுப்பது ஓய்வே அல்ல. போன் கையில் இருக்கிறது, வாட்ஸ்அப் குழு ஓடுகிறது, நாளை மறுபடி போக வேண்டும். மருத்துவர் ஓய்வு சொன்னால் ஒரே துண்டாக எடுங்கள்.

ஆனால் ஒப்படைக்காமல் போனால் விடுப்பு விடுப்பாக இருக்காது. ஒரே தாளில் நாலு பட்டியல்: அடுத்த ஆறு வாரத்தில் பிரசவத் தேதி வரும் தாய்மார்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வரிக் காரணத்தோடு ஹை ரிஸ்க் மதர்கள் (ஆபத்து அதிகம் உள்ள கர்ப்பிணிகள்), தடுப்பூசி தவறிய குழந்தைகள், பாதியில் நிற்கும் பிக்மி (கர்ப்பிணிகளை ஆன்லைனில் பதியும் அரசுத் தளம்) எண்ட்ரிகள். இதன் நகல் வட்டார அலுவலகத்துக்கும், பொறுப்பு ஏற்பவருக்கும். ஹை ரிஸ்க் தாய்மார்களுக்கு மட்டும் நீங்களே போன் செய்து "இனி இந்த அக்காவைக் கூப்பிடும்மா" என்று எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், நீங்களும் எடுக்காமல் இருக்கமாட்டீர்கள். குற்ற உணர்ச்சி வந்து விடுப்பைத் தின்னும் இடம் இதுதான்.

அலுவலக சிம்மைப் பொறுப்பு ஏற்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சொந்த எண்தான் என்றால் குழுக்களை மௌனமாக்கிவிட்டு, மூன்றாவது நாள் எட்டிப் பார்க்காமல் இருங்கள். பார்ப்பீர்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்.

இந்த வாரங்களில் இரண்டு காரியம் வேண்டாம்: விருப்ப ஓய்வு மனு, இடமாறுதல் மனு. மனச்சோர்வில் இருக்கும் மூளைக்கு எந்த வழியும் தெரியாது, ஒரே ஒரு கதவுதான் தெரியும். நான் அப்படி எழுதிக் கொடுத்த இடமாறுதல் கிடைத்தும்விட்டது. புதிய இடத்தில் மக்கள்தொகை பழையதைப் போல ஒன்றரை மடங்கு, பக்கத்து சப் சென்டர் (துணை சுகாதார நிலையம்) செவிலியர் இல்லாமல் காலி, கூடுதல் பொறுப்பும் எனக்கே.

7. பதினாலு நாள் நோட்டு

வேலையில் இருக்கும்போதுதான் இதை எழுத முடியும். பி.எச்.க்யூ 10க்குக் கீழே இருந்தவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்; மற்றவர்கள் திரும்பி வந்த பிறகு. ஒரு பக்கம் ஒரு நாள். என்ன செய்தேன், எத்தனை மணிக்கு, யார் கேட்டதால். உணர்ச்சி எதுவும் எழுத வேண்டாம். என் பகுதியில் ஒரு செவிலியர் எழுதிய ஒரு புதன்கிழமை:

"9.10 அங்கன்வாடி. வேக்சின் கேரியர் வர 9.40. 1.45 வரை ஊசி, 19 குழந்தை. 2.30 சாப்பாடு. 3.00 ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், அம்மா சண்டை, வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 4.20 ரிஜிஸ்டர். 5.00 குழுவில் எண்ணிக்கை கேட்டார்கள், அனுப்பினேன். 5.40 அதே எண்ணிக்கை வேறு படிவத்தில். 7.30 எண்ட்ரி, சர்வர் நின்றது. 9.50 திரும்ப எண்ட்ரி. 10.35 முடிந்தது. 10.50 'பெண்டிங் யார்?' என்று குழுவில் என் பெயர்."

நோட்டு எழுதும் முன்பு அவர் சொன்னது "வீடு பார்க்கும் வேலை தாங்க முடியலைக்கா" என்று. பதினாலு நாளையும் கூட்டிப் பார்த்தோம். வீடு பார்த்தது குறைவு. மாலை ஐந்துக்குப் பின் செய்த வேலை 29 மணி நேரம். அதில் ஒரே எண்ணை மூன்று இடத்தில் எழுதியது மட்டும் 11 மணி நேரம். தாங்க முடியாதது எது என்பதில் நம் மனசு சொல்வதும் நோட்டு சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

கூட்டிய பிறகு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். வேலைச் சோர்வை ஆராய்ந்த மாஸ்லாக்கும் லைட்டரும் ஆறு இடங்களைச் சொல்கிறார்கள்: வேலைப் பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் பலனும் மதிப்பும், உடன் வேலை செய்பவர்கள், நியாயம், நம் மனசாட்சியோடு வேலை ஒத்துப்போவது. மேலே உள்ள நோட்டின் கடைசி வரி பளு அல்ல, மதிப்பு. பளுவைக் குறைத்தாலும் அந்த வரி அப்படியே வலிக்கும்.

8. அலுவலரைப் பார்ப்பது

கூட்டம் நடக்கும் நாளில் வேண்டாம். மாதக் கடைசியும் மாதத் தொடக்கமும் வேண்டாம், ரிப்போர்ட் நேரம். தனியாக நேரம் கேட்டு வட்டார மருத்துவ அலுவலரைப் பாருங்கள்.

"மிகுந்த மன உளைச்சலில் இருக்கிறேன், கருணையுடன் பரிசீலிக்கவும்" என்று எழுதினால் அவர் செய்யக்கூடியது அனுதாபப்படுவது மட்டும். இரண்டே கோரிக்கை, தேதியோடு: "தடுப்பூசி எண்ணிக்கையை மாலை 5 மணிக்கு ஒரே படிவத்தில் அனுப்புகிறேன், இரவில் தனியாகக் கேட்பதை நிறுத்த வேண்டுகிறேன். காலியாக உள்ள பக்கத்து துணை சுகாதார நிலையப் பொறுப்பை மூன்று மாதம் சுழற்சி முறையில் மாற்ற வேண்டுகிறேன்." இவை அவர் கையில் இருப்பவை. காலியிடம் நிரப்புவதும் மக்கள்தொகை வரம்பும் அவர் கையில் இல்லை. சமவெளியில் ஒரு துணை நிலையத்துக்கு 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது விதி. அதைத் தாண்டிய கதையைச் சங்கத்தின் வழியாக மேலே கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் "அரசுக்கு அனுப்பியிருக்கு" என்ற ஒரே பதிலில் இரண்டும் முடிந்துவிடும்.

"எல்லாருக்கும்தானேம்மா வேலை இருக்கு?" என்று கேட்பார். என்னைக் கேட்டார்கள். அழுதுகொண்டே எழுந்து வந்துவிட்டேன். அடுத்த முறை நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன், படித்துவிட்டு "இந்த ரெண்டாவது படிவத்தை யார் கேக்கறா?" என்றார். அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

மனுவுக்கு நகலும் பெற்றுக்கொண்ட கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் வரும் தொல்லை பாலியல் சீண்டல் வகையில் இருந்தால் இந்தப் பாதையே வேண்டாம். உள்ளகப் புகார் குழுவுக்கோ மாவட்ட அளவிலான குழுவுக்கோ நேராக எழுதுங்கள்.

9. உங்கள் பகுதியில் தாய் இறப்பு (கர்ப்பத்திலோ பிரசவத்தை ஒட்டியோ) நடந்துவிட்டால்

இதற்கு மட்டும் வரிசை வேறு. தகவல் வந்த அன்றே, அந்த இறப்பைப் பற்றிய ஆய்வுக் கூட்டத்துக்கு முன்பு, நடந்ததை மணி வாரியாக எழுதுங்கள். நாள் ஆக ஆக நினைவு நம்மைக் குற்றவாளியாக்கும் வகையில் மாறும். பதிவேட்டில் எதையும் திருத்தாதீர்கள். பயத்தில் சேர்த்த ஒரு வரி, சரியாகச் செய்த நூறு வரியைச் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

ஆட்சியர் நடத்தும் அந்த ஆய்வுக் கூட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், பகுதி செவிலியரை உடன் அழையுங்கள். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தாய் இறப்புக் கண்காணிப்பின் வழிகாட்டுதலே பழி போடுவது நோக்கம் அல்ல என்றுதான் சொல்கிறது. நடைமுறை அப்படி இருப்பதில்லை; அதனால்தான் துணை வேண்டும்.

பிறகு ஆறு வாரம் வரை தூக்கத்தைக் கவனியுங்கள். அந்தத் தெருவையே தவிர்க்கிறீர்கள், அந்த வீட்டுக் காட்சி கண்ணில் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் 5வது படி. மேற்பார்வையாளர்களுக்கு ஒன்று: கூட்டம் முடிந்த மறுநாள் அந்தச் செவிலியரின் சப் சென்டருக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். ரிஜிஸ்டரைக் கேட்காமல்.

10. திரும்பி வருவது

வியாழக்கிழமை சேருங்கள். செவ்வாய் ஏ.என். கிளினிக், புதன் தடுப்பூசி என்று இரண்டு பெரிய நாளும் முடிந்திருக்கும். மூன்று நாளில் ஞாயிறு வந்துவிடும். திங்கள் சேர்ந்தவர்கள் புதன் இரவே "இன்னும் சரியாகலை" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் வாரம் பழைய பாக்கியைத் தொடாதீர்கள். பொறுப்பில் இருந்தவரிடம் அந்த நாலு பட்டியலைத் திரும்ப வாங்கி, ஹை ரிஸ்க் தாய்மார்களை மட்டும் நேரில் பாருங்கள். எண்ட்ரி பாக்கி இரண்டாவது வாரம், ஒரு நாளைக்கு இவ்வளவு என்று.

மாதம் ஒருமுறை பி.எச்.க்யூ போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எண்ணை மட்டும் எழுதுங்கள். ஐந்து புள்ளி ஏறினால் மருத்துவரைப் பார்க்கும் நாளை முன்னால் இழுங்கள். மாத்திரை தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு குறி போட்டுவையுங்கள். பிரசவத் தேதிகளை எழுதும் சப் சென்டர் காலண்டரிலேயே நான் வெறும் 'ம' என்று குறித்துவந்தேன். ஒன்றரை வருஷம் அது என்னவென்று யாரும் கேட்கவில்லை.